ஆரஞ்சு நிறத்தில் தெரிவது

ஆங்கரேஜில் செப்டம்பர் கடைசி.
மீன் சீசன் முடிந்து
கேனரி ஆட்கள் வீடு திரும்பும் வாரம்.
காலை நாலரைக்கே வரிசை
வெளிக்கதவைத் தொட்டுவிடும்.
உறைந்த சால்மன் பெட்டிகள்
என் பெல்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும்.

திரையில் எனக்கு மூன்றே நிறம்.
இரும்பு நீலம்.
இரண்டுங்கெட்டான் பச்சை.
மீன், ரொட்டி, கம்பளிச் சட்டை, பைபிள்,
ஒருகாலத்தில் உயிராய் இருந்ததெல்லாம் ஆரஞ்சு.
பணமும் ஆரஞ்சுதான்.
அடுக்கி இறுகச் சுருட்டியிருந்தால்
கொஞ்சம் கெட்டியான ஆரஞ்சு.
பதினோரு வருஷத்தில் கண் பழகிவிட்டது.

யூசேபியோ டுமலாகன் என்று
பையின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதியிருந்தது.
உள்ளே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
இடது பூட்ஸின் விரல் முனையில்
கெட்டி ஆரஞ்சு.
வெடிமருந்தும் அப்படித்தான் தெரியும் என்று
பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.
அதனால் "செக்" என்று குரல் கொடுத்தேன்.
அதனால்தான் குரல் கொடுத்தேன்.
இதை நான் இரண்டு முறை சொல்வதைக் கவனித்திருப்பீர்கள்.

வெண்டல் வந்து பையை எடுத்துக்கொண்டு போனான்.
அந்த ஆளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கவைத்து
கையைத் தூக்கச் சொன்னார்கள்.
கை தூக்கி நிற்பவன்
தன் பை இருக்கும் பக்கம்
தலையைத் திருப்பக் கூடாது.
வெண்டலின் கை பூட்ஸுக்குள் முழங்கை வரை போனது.
வெளியே வந்ததும் கையுறையைக் கழற்றினான்,
உள்பக்கம் வெளியாக,
நாங்கள் எல்லாரும் கழற்றுவது போலவே.
அந்த நீல உருண்டை
அவன் கால்சட்டைப் பைக்குள் போனது.
குப்பைக்கூடை காலடியில்தான் இருந்தது.

அடுத்த பெட்டி.
சால்மன்.
ஆரஞ்சு.

மதியம் என் லாக்கர் இடுக்கில்
மடித்துச் செருகிய இரண்டு நூறு டாலர் தாள்.
பார்த்த கண்ணுக்கும் கூலி உண்டு போல.
காருக்குப் பனி டயர் வாங்கினேன்.
நான்கு இல்லை,
முன்சக்கரங்களுக்கு மட்டும்.

இரண்டு தாளுக்கும் நடுவே
ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.
வெண்டல் பார்த்திருக்க மாட்டான்.
பால்பாயிண்ட் பேனா,
மீன் எண்ணெய் ஊறிய ஓரம்,
ஏழெட்டு வார்த்தைகள்,
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண்.
மூடிய எந்தப் பெட்டிக்குள்ளும் பார்க்கிற எனக்கு
திறந்து கிடந்த அந்தத் தாளில்
எண்கள் மட்டுமே தெரிந்தன.
காபிக் கடை மரிவிக்கிடம்
முதல் வார்த்தையை மட்டும் காட்டினேன்,
மற்றதை விரலால் மறைத்துக்கொண்டு.
"ஙிபின்? பல்," என்றாள்.
"யாருக்குப் பல்?"
தெரியாது என்றேன்.
இரண்டாவது வார்த்தையைக் கேட்கவில்லை.
பல்லுக்கு முந்நூற்றெண்பது.
இரண்டாவதற்கு அதைவிட அதிகம்.

புகார் வந்திருக்கும்.
வந்த புகார்கள் போகும் மேசை எது என்று
எனக்கும் தெரியும்.
மார்ச்சில் வெண்டலை சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.
கேக் வெட்டினோம்.

மறுபடி செப்டம்பர்.
அதே மார்க்கர் எழுத்து, கொஞ்சம் மங்கி.
இந்த முறை பூட்ஸ் பைக்குள் இல்லை,
கையில்.
ட்ரேயில் வைக்கும் முன்
என் எதிரே வந்து நின்று
ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான்.
ஒன்றோடு ஒன்றைத் தட்டினான்.
கோபம் இல்லை.
கடையில் மிச்சச் சில்லறையை
எண்ணிக் காட்டுகிற மாதிரி ஒரு நிதானம்.
ஒரு மீன் செதில் விழுந்தது.
"குட் மார்னிங்," என்றான்.

திரையில் பூட்ஸ்.
விரல் முனை வரை வெறுமை.
செதில் தெரியவில்லை,
அவ்வளவு மெலிசு.

பின்னால் இருந்தவர்கள் நகர்ந்தார்கள்.
பெல்ட் அடிவழியாகச் சுற்றிக்கொண்டு
மேலே ஏறி வந்தது.
அந்த இடத்தில்
இன்னும் ஒட்டிக்கொண்டு
மினுங்கியது.